நாவுக்குத் துணை நிற்கும் கல்வி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் எங்களுக்கு விடுத்த அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "நம் காலனிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த படிப்புகள் இரண்டே, ஒன்று எஞ்சினியரிங், மற்றொன்று எஞ்சினியரிங் கிடைக்காதவர்கள் படிப்பது. நீங்கள் வந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். நாட்டியத்திற்கும் விருந்திற்கும் இடையே இருபது நிமிடம் தந்திருக்கிறார். விருந்தின் மணம் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. ஆகையால் முன்னுரையை விடுத்து ஒரு குழந்தையின் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இம்மும்பை நகரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று மூன்றரை வயது ஆண் குழந்தையை எங்களிடம் அழைத்து வந்தது. வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் அம்மையார் பேசுவது மராத்தி, மாடிப்படியிலும் விளையாடும் இடத்திலும் இந்தி, மழலையர் பள்ளியில் ஆங்கிலம். குழந்தையோ பத்துச் சொற்களுக்கு மேல் பேசவில்லை. எங்களிடம் வருவதற்கு ஆறு திங்களுக்கு முன் வேறொருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் இரண்டே நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: "வீட்டில் மொழிகள் மிகுதி, குழந்தை குழம்பிவிட்டது. தமிழை நிறுத்துங்கள். இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்."

பெற்றோர் அவ்வாறே செய்தனர். அலுவலகத்தில் நன்றாக ஆங்கிலம் எழுதும் தந்தையால் கூட அம்மொழியில் குழந்தையைக் கொஞ்ச முடியவில்லை. "வாடா கண்ணா, மடியில உக்காரு, மம்மு சாப்பிடலாமா, காக்கா பாரு, அதுக்கும் ஒரு வாய் போடலாமா" என்று நாள் முழுதும் பெருகிக் கொண்டிருந்த பேச்சு, "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லாகச் சுருங்கிற்று. தமிழ் ஒன்றே அறிந்த பாட்டியின் நிலை இன்னும் கொடிது. "அம்மாவைக் குழந்தையிடம் வாய் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டோம்" என்று கூறிய அந்தத் தாய், எங்கள் முகத்தைப் பாராமல் மேசையைப் பார்த்துக்கொண்டே கூறினார். ஆறு திங்கள் அந்த வீட்டில் ஒரு மூதாட்டி தம் பேரனோடு பேசாமல் வாழ்ந்திருக்கிறார்.

எங்கள் துறையில் முதல் ஆண்டு மாணவர்க்கே கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு: பேச்சு வராத குழந்தையைக் கண்டால் முதலில் செவியைச் சோதி. அக்குழந்தைக்கு அதுவரை எவரும் செவிச் சோதனை செய்யவில்லை. செய்து பார்த்தோம். இரு காதுகளிலும் நடுச்செவியில் நீர் கோத்து நின்றது. தண்ணீருக்குள் மூழ்கியிருப்பவன் கரையிலிருப்போர் பேச்சைக் கேட்பது போல அவன் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். காதுமூக்குத்தொண்டை மருத்துவர் அதற்குரிய சிகிச்சை செய்தார். நாங்கள் பேச்சுப் பயிற்சி அளித்தோம். பாட்டியும் மீண்டும் வாய் திறந்தார். காதில் நின்ற நீர் செய்த குற்றத்திற்குத் தண்டனை பெற்றது தமிழ்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம், இதே அறிவுரை இந்நாட்டின் பெருநகரங்களில் இன்றும் வழங்கப்படுகிறது என்பதே. இவ்வரங்கில் இருப்போருள்ளும் அதைக் கேட்டவர்கள் சிலர் இருக்கக் கூடும். பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஒருமுகமாகக் கூறுவது வேறு. இரண்டு மூன்று மொழிகள் வழங்கும் வீட்டில் வளர்வதனால் பேச்சுக் குறை உண்டாவதில்லை. குறையுள்ள குழந்தைக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குங்கூட, இரண்டாம் மொழி அதனாலேயே தீங்கு செய்வதில்லை. தவறு எங்கே நிகழ்கிறதென்றால் எண்ணுவதில். இரண்டு வயதில் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 50 சொற்களேனும் இருக்க வேண்டும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நம் குழந்தை தமிழில் முப்பதும் இந்தியில் பதினைந்தும் ஆங்கிலத்தில் பத்தும் அறிந்திருந்தால், மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தியை மட்டும் எண்ணிப் பதினைந்து என்று குறித்துக்கொண்டு தாயைக் கலங்கச் செய்வது, மூன்று பைகளில் காசு வைத்திருப்பவனுடைய ஒரு பையை மட்டும் தடவிப் பார்த்து அவனை ஏழை என்பதற்கு ஒப்பாகும்.

இவ்வாறு பேச்சிலும் மொழியிலும் குரலிலும் விழுங்குதலிலும் ஏற்படும் குறைகளை ஆராய்ந்து நீக்க முயலும் கலையைத்தான் ஆங்கிலத்தில் ஸ்பீச் லாங்குவேஜ் பதாலஜி என்கிறார்கள். நாம் அதைப் பேச்சுமொழிச் சிகிச்சை என்று வழங்கலாம். விழுங்குதல் எப்படி இதில் வந்தது என்று சிலர் வியப்பீர்கள். பேசும் உறுப்புகளே விழுங்கும் உறுப்புகளாகவும் இருப்பதால், பக்கவாதம் வந்தவர் குடிக்கும் நீர் மூச்சுக்குழலில் இறங்காமல் காக்கும் பொறுப்பும் எங்கள்மேல் விழுந்தது.

நம் நாட்டில் இக்கல்விக்குத் தாய்வீடு மைசூர். மத்திய அரசு 1965-இல் அங்கே லோகோபீடிக்ஸ் நிறுவனம் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கிற்று. மறு ஆண்டே அது அனைத்திந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் என்று பெயர் மாறியது. அதன் கட்டடத்திற்கு 1966-இல் அடிக்கல் நாட்டியவர் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள். இளமையில் அதே மைசூரில் தத்துவம் கற்பித்தவர் அவர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு வியப்பு: முதலில் தொடங்கியது முதுநிலை வகுப்பு, இளநிலை வகுப்பு பின்னரே வந்தது. கூரையை முதலில் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பியது போலத் தோன்றினாலும், கற்பிப்பதற்கு ஆசிரியரே இல்லாத நாட்டில் ஆசிரியரை முதலில் ஆக்கிக்கொண்டது நல்ல யோசனைதான். நம் மும்பையிலும் நாயர் மருத்துவமனைக் கல்லூரியில் இப்படிப்பு வெகுகாலமாக நடந்து வருகிறது. பாந்திராவில் 1983-இல் அலி யாவர் ஜங் பெயரிலமைந்த தேசிய நிறுவனம் ஏற்பட்டது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் சண்டிகரிலும் கல்லூரிகள் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் இளநிலைப் படிப்பில் சேரலாம். அது நான்காண்டு, கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. அதன்மேல் இரண்டாண்டு முதுநிலை. முன்னாளில் பேச்சும் செவியும் ஒரே முதுநிலைப் பட்டத்தில் அடங்கியிருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூரில் இரண்டையும் தனித்தனிப் பட்டங்களாகப் பிரித்தனர். படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் பதிந்த பின்னரே தொழில் செய்யலாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவின்றித் தொழில் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தெருமுனைகளில் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் இச்சட்டத்தைப் படித்தவர்கள் மிகச் சிலரே என்று தோன்றுகிறது. உங்கள் குழந்தையை ஒருவரிடம் அழைத்துச் செல்லும்போது அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. பதிவு பெற்றவர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

இனி, அம்முதுநிலைப் படிப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள்? உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், மொழியியல், உளவியல் என்று அடுக்கினால் பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் போலாகிவிடும். எங்கள் நினைவில் நிற்பவை வேறு. காதால் கேட்டதைக் கேட்டபடியே எழுதப் பழகுவது முதலாவது. குழந்தை "தோதை" என்று சொன்னால் நம் மனம் அதைத் "தோசை" என்று திருத்திக் கேட்டுக்கொள்ளும். அன்புடைய காது பிழையைக் கேட்காது. அந்த அன்பைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, நா எந்த இடத்தில் பட்டது, காற்று எவ்வழியே போயிற்று என்று குறியீடுகளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சை எழுதுவதற்கு ஒரு முழு மாலை செலவாகும்.

இரண்டாவது, தேவராஜ மார்க்கெட். திக்குவாய் பற்றிய பாடங்களை முடித்ததும் எங்கள் ஆசிரியர் எங்களை மைசூரின் அந்தப் பழைய சந்தைக்கு அனுப்பினார். ஆளுக்கு ஒரு கடையில் வேண்டுமென்றே திக்கிப் பேசி, கால் கிலோ வெங்காயம் வாங்கி வர வேண்டும். கன்னடத்தில் வெங்காயம் ஈருள்ளி. "ஈ... ஈ... ஈ..." என்று நிற்கும்போது காது சூடேறியது, கால் கடையை விட்டு ஓடப் பார்த்தது. ஒரு கடைக்காரர் சொல்லை அவரே முடித்துத் தந்தார். மற்றொருவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கீரை விற்ற மூதாட்டி ஒருத்தி மட்டும் முகம் மாறாமல், நாங்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, "இது கீரை, ஈருள்ளி அங்கே" என்று கைகாட்டினாள். நடிப்பென்று தெரிந்தும் அன்றிரவு எங்களில் சிலருக்கு உறக்கம் வரவில்லை. வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு கடையிலும் இப்படி நிற்பவனிடம், "நிதானமாகப் பேசப்பா" என்று அறிவுரை சொல்லும் துணிவு அதற்குப் பிறகு எங்களுக்கு வந்ததில்லை.

இவ்வளவு நுட்பமாகப் பயிற்றும் கல்வியில் ஒரு பெருங்குறை உண்டு. இச்சங்கத்தில் பேசுவதற்கு நாங்கள் இசைந்ததே அதைச் சொல்லத்தான். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் இந்நாட்டு மக்கள் தத்தம் தாய்மொழி என்று எழுதித் தந்த பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து தொகுத்தபோது 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று கண்டார்கள். பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்தவை. இந்திய மொழிகளில் தேர்வுமுறைகளை ஆக்கும் பணி மைசூரிலும் பிற இடங்களிலும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. தமிழுக்கும் சில உண்டு. ஆனால் தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள மருத்துவமனையில் ஒரு தமிழ்க் குழந்தை போய் அமரும்போது, எதிரில் இருப்பவர் தமிழ் அறியார். கையிலிருக்கும் படப்புத்தகம் இந்தியோ ஆங்கிலமோ.

அதனால் நேர்வது என்ன? இந்தியில் க வரிசையில் மூச்சொலி உள்ளதும் இல்லாததும் தனித்தனி எழுத்துகள். தமிழ் வீட்டுக் குழந்தை சாப்பாட்டைக் குறிக்கும் "கானா"வை மூச்சொலி இல்லாமல் சொல்கிறது. அதன் வீட்டு மொழியில் அவ்வொலியே கிடையாது. நம் எழுத்தில் அவ்வேறுபாட்டை இப்போது உங்களுக்கு எழுதிக் காட்டக்கூட வழியில்லை. தேர்வாளர் "பிழை" என்று குறிக்கிறார். நம் மொழியிலோ கல், தங்கம், முகம் என்ற மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதை அறியாத காது அங்கும் பிழை காணும். ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதுரைப் பாட்டி "வாளப்பளம்" என்பார். சென்னையில் "வாயப்பயம்" என்பவர் உண்டு. குழந்தை சொல்வது குறையா, பாட்டியிடம் கற்றதா என்பதைப் பாட்டியைப் பேசவைத்துக் கேட்ட பிறகே தீர்மானிக்க வேண்டும். எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு தொடங்கி எட்டாக வகுத்து, ழகரத்திற்கு நாநுனி எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தது தொல்காப்பியத்தின் பிறப்பியல். எங்கள் வகுப்பில் அந்த இயலைப் படித்தவர் ஒருவரும் இல்லை. நாங்களும் வெகுநாள் கழித்தே படித்தோம்.

குழந்தைகளை மட்டும் சொன்னால் பெரியவர்கள் தமக்கு இதில் தொடர்பில்லை என்று கருதிவிடுவார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பட்டோ வெடித்தோ, பேசும் ஆற்றலை இழந்தவர்கள் எங்களிடம் மிகுதியாக வருகிறார்கள். பல மொழி அறிந்தவர்க்கு இந்நோய் வந்தால் எம்மொழி முதலில் மீளும் என்பது பழைய வினா. நோய்க்கு முன் மிகுதியாகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895-இல் எழுதினார். இளமையில் கற்ற மொழியே என்ற கருத்தும் அதற்கு முன்பிருந்தே உண்டு. இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன; இரண்டுக்கும் விலக்குகளும் உள்ளன. ஆகையால் நோயாளி அறிந்த மொழிகள் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்ப்பதே முறை.

ரயில்வே கணக்கராக நாற்பதாண்டு இந்தியும் ஆங்கிலமும் பேசிய பெரியவர் ஒருவர், பக்கவாதத்திற்குப் பின் எங்களிடம் கொண்டுவரப் பெற்றார். முன்பு பார்த்த இடத்தின் சீட்டில் "பேச்சு இல்லை" என்று எழுதியிருந்தது. இந்தியில் கேட்டோர்க்கு அவர் விழித்துப் பார்த்தார்; அவ்வளவே. அன்று பயிற்சிக்கு இருந்த முதுநிலை மாணவி தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க அறியாள். அவள் தேர்வுத் தாளை மூடி வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த கிண்ணத்தைக் காட்டி, "தாத்தா, காப்பி குடிக்கலியா?" என்று கேட்டாள். பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆறிப் போச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் அவர் கேட்ட முதற்சொல் அது. பெரியவர் முற்றும் குணமடைந்தார் என்று சொல்ல மாட்டோம். இந்நோயில் அவ்வாறு ஆவது எளிதன்று. ஆனால் பயிற்சியை எந்த மொழியில் தொடங்குவது என்பது தெரிந்துவிட்டது. அம்மாணவி அவருக்குச் சொற்பட்டியல் எழுதித் தர வேண்டியிருந்தது. தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். பின்னர் அப்பெரியவரின் மனைவியே அவளுக்கு அகரவரிசை கற்றுக் கொடுத்தார்.

மராட்டிய மாநிலத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 5 லட்சத்துக்குச் சற்று மேல். இவர்களுள் குழந்தைகளும் உண்டு, முதியோரும் உண்டு. இவர்களுக்குச் செவி கொடுக்கத் தகுந்தவர்கள் சென்னையில் படித்தவர்கள் அல்லர். அவர்கட்கு மராத்தியும் இந்தியும் தெரியா. இங்கே மாடிப்படியில் இந்தியும் அடுக்களையில் தமிழும் பேசி வளர்ந்த உங்கள் பிள்ளைகளே தகுந்தவர்கள். இரண்டு மொழியைக் கலந்து பேசுகிறார்களே என்று நாம் கடிந்துகொள்ளும் அதே பிள்ளைகள்.

ஊதியத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறீர்கள், நாங்களே சொல்லிவிடுகிறோம். கணிப்பொறித் தொழிலில் புகுந்தவனோடு ஒப்பிட்டால் தொடக்க ஆண்டுகளில் மிகக் குறைவு. அரசுப் பணியிடங்கள் சொற்பம். வேலையில்லாத் திண்டாட்டம் மட்டும் இல்லை. எங்கள் வாயில்களில் காத்திருப்போர் வரிசை குறைந்ததே கிடையாது. இது பெண்களுக்குரிய படிப்பு என்றொரு எண்ணமும் பரவியிருக்கிறது. எங்கள் வகுப்புகளில் ஆண்கள் குறைவாக இருப்பது உண்மை. திக்குவாயோடு வருவோரில் ஆண்களே மிகுதி என்பதும் உண்மை. தன்னைப் போன்ற இளைஞன் ஒருவன் எதிரில் அமர்ந்தால் நன்றாயிருக்கும் என்று எங்களிடம் சொன்ன பையன்கள் உண்டு.

இறுதியாக ஒரு விண்ணப்பம். எங்கள் முதுநிலை மாணவியர் இருவர் இவ்வாண்டு ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள், மும்பைத் தமிழ் வீடுகளில் வளரும், குறை ஒன்றும் இல்லாத குழந்தைகள் எந்த வயதில் எவ்வொலியைச் சொல்கிறார்கள் என்பது. இயல்பு எதுவென்று தெரியாமல் குறையை அளக்க இயலாது. இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் நாற்பது பேர் வேண்டும். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் சங்க நூலக அறையில் அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு இருப்பார்கள். படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். அரை மணி நேரம் ஆகும். ஊசி எதுவும் இல்லை என்று குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். பதிவில் குழந்தையின் பெயர் இராது. பெற்றோர் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். குழந்தையோடு பாட்டி தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். வாழைப்பழத்தை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.